கோபுரம் இல்லாத விமான நிலையம்

பெரிய விமான நிலையத்தில் உயரமான கோபுரம் இருக்கும். விமானம் எப்போது இறங்கலாம், எப்போது கிளம்பலாம் என்று அங்கிருந்து ரேடியோவில் சொல்வார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான சிறு விமான நிலையங்களில் கோபுரம் கிடையாது. அங்கே விமானிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பேச வேண்டும்?

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல்தான் கேட்கும். பிறகு சுருக்கமாகப் பேச வேண்டும். எந்த ஊர், எந்த விமானம், எங்கே இருக்கிறது, என்ன செய்யப் போகிறது என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஊர்ப் பெயரை மறுபடியும் சொல்ல வேண்டும். ஏன்? பக்கத்து ஊர் விமானிகளின் பேச்சும் அதே ரேடியோவில் கேட்கலாம்.

இதில் தவறினால் என்ன ஆகும்?

1996 நவம்பர் 19. அமெரிக்காவில் குவின்சி என்ற ஊர். ஒரு பயணிகள் விமானம் இறங்க வந்தது. குறுக்கே உள்ள ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றது. அது நிற்குமா, புறப்படுமா என்று ரேடியோவில் கேட்டார்கள். காத்திருப்பதாகப் பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னவர் அதன் பின்னால் இருந்த மூன்றாவது விமானத்தின் விமானி! அவர் பேச்சில் ஒரு பகுதி சரியாகக் கேட்கவில்லை. முன்னால் நின்ற விமானத்தில் ரேடியோவைச் சரியாகக் கவனிக்கவில்லை. அது புறப்பட்டது. இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தனர்.

பதில் யாருடையது என்று சந்தேகமா? மறுபடி கேட்க வேண்டும். பிறர் தவறாகப் புரிந்துகொண்டால் உடனே திருத்த வேண்டும். காதோடு கண்ணும் விழித்திருக்க வேண்டும்.