கொழும்பின் கலையகமும் மலையகத்தின் சிகரமும்



ஒலி, ஒளி என்ற இரு சொற்களுக்கும் இடையில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். நாவைச் சற்று மடித்து உச்சரித்தால் வானொலியின் ஒலிபரப்பு தொலைக்காட்சியின் ஒளிபரப்பாகிவிடும். இந்த ஓரெழுத்தைக் கடக்க இலங்கைக்கு 53 ஆண்டுகள் பிடித்தன. இலங்கையில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். முதலாவது தொலைக்காட்சி நிலையம் இயங்கத் தொடங்கியது 1979 ஏப்ரல் 13இல், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள்.

ஐ.ரி.என். என்று இன்றும் நாம் அழைக்கும் அந்தச் சுயாதீனத் தொலைக்காட்சி, அரசாங்கம் ஆரம்பித்ததன்று. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன, பொப் கிறிஸ்டி ஆகிய மூவரின் தனியார் முயற்சி அது. கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியில், மஹல்வராவ என்ற தோட்ட வளவிலிருந்து ஒளிபரப்பினார்கள். இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றுக்கொண்டது. 'சுயாதீனம்' என்ற சொல் மட்டும் பெயரில் தங்கிவிட்டது! 1992இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாயிற்று. அடுத்த ஆண்டில் ஷான் விக்கிரமசிங்க ரி.என்.எல். என்ற வேறொரு தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கினார்.

அந்த முதல் நிலையம் முழுக்க முழுக்க ஒரு நகரத்தின் நிலையம். கொழும்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் அப்பால் அதன் படம் எட்டவில்லை. காரணம் மனமில்லாமை அல்ல, பௌதிகம். வானொலியின் மத்திய அலை பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டு நெடுந்தூரம் போகும். சிற்றலை மேல்வானத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து இறங்கும். தொலைக்காட்சி அலைக்கு இந்த வித்தை தெரியாது. அது ஏறக்குறைய கண் பார்வையைப் போல நேர்கோட்டில் செல்லும். மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். கொழும்பிலிருந்து பண்டாரவளை நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீற்றர். இடையிலே நாட்டின் மத்திய மலைத்தொடர் முழுவதும் சுவராக நிற்கிறது. கொழும்பார் படம் பார்த்த அந்த நாட்களில் ஊவாவில் நாம் வானொலிதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சுவராக நின்ற மலையே பின்னர் ஏணியாயிற்று. ஜப்பான் அரசாங்கத்தின் உதவியுடன் நிறுவப்பட்ட தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி, 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. கலையகம் கொழும்பு சுதந்திர சதுக்கத்தில். பிரதான ஒளிபரப்பி நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல மலையில். அதன் உயரம் 2,524 மீற்றர். அத்தனை உயரத்திலிருந்து கிளம்பும் அலைக்கு, இடையில் தடையில்லையென்றால், அடிவானம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர்தான் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூபம் என்றால் உருவம், வாஹினி என்றால் சுமந்து செல்வது. நதிக்கும் படைக்கும்கூட அந்தப் பெயருண்டு. நல்ல பெயர். வட்டார நதியல்லவா, மலையில்தானே பிறக்க வேண்டும்?

ஒரு நிகழ்ச்சி நம் வீட்டுக்கு வரும் வழியைப் பாருங்கள். கலையகத்தில் இரண்டு மூன்று கமராக்கள் ஒரே காட்சியைப் பல கோணங்களில் பிடிக்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் வரிசையான சிறு திரைகளைப் பார்த்தபடி, இது போகட்டும், அடுத்து அது போகட்டும் என்று தெரிவு செய்கிறார். தெரிந்தெடுத்த படம் ஒலியோடு சேர்ந்து பிரதான கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே செய்தி, நாடகம், விளம்பரம் எல்லாம் விநாடிக் கணக்கில் வரிசைப்படுத்தப்படுகின்றன. பிறகு நுண்ணலைத் தொடர்பில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் பயணம் செய்து சிகரத்தை அடைந்து, அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் விரிகிறது. பண்டாரவளை அச்சிகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு குன்றின் மறைவில் கிடக்கும் பள்ளத்துத் தோட்டத்தில் படம் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பெற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கினார்கள். ஒருவர் கூரையில் நின்று அன்ரனாவைத் திருப்ப, மற்றவர் உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார்.

இந்தப் பாதையில் ஒரு குறை உண்டு. எல்லாம் கொழும்பிலிருந்து மலைக்கு வருகிறது. மலையிலிருந்து கொழும்புக்குப் போவது மிகச் சிறிது. வானொலி அப்படியிருக்கவில்லை. ஒரு தபாலட்டையும் தெளிவான கையெழுத்தும் போதும், பசறையிலிருந்தோ அப்புத்தளையிலிருந்தோ ஒருவர் எழுதிய பெயரும் கவிதையும் காற்றில் ஏறிவிடும். மலையகத்தில் எழுதப் பழகிய எத்தனையோ பேருக்கு முதல் அரங்கு வானொலியின் தபால் பெட்டிதான். தொலைக்காட்சிக்குத் தபாலட்டை போதாது. முகம் வேண்டும், விளக்கு வேண்டும், கமராவும் அதை ஏற்றி வரும் வாகனமும் வேண்டும். ஆகவே கமரா எங்கே நிற்கிறதோ அந்த ஊரின் வாழ்வே நாட்டின் வாழ்வாகக் காட்டப்படும். தமிழுக்கென ஒதுக்கப்பட்ட சொற்ப நேரத்திலும் நம் கொழுந்து மலைகள் பாட்டுக்குப் பின்னணியாக வந்த அளவுக்குக் கதைக்கு உள்ளே வரவில்லை என்பது என் எண்ணம். மறுப்போர் இருக்கலாம்.

ஒளிபரப்பியை இழந்தால் என்னாகும் என்பதை வடக்கு அறியும். வன்னியில் ரூபவாஹினியின் அஞ்சல் நிலையம் கொக்காவிலில் இருந்தது. 1990 ஜூலையில் போரில் அவ்விடம் வீழ்ந்தது. புதிய கோபுரம் எழுந்தது 2011இல்.

முழுநேரத் தமிழ் அலைவரிசைகள் மெதுவாகத்தான் வந்தன. தனியார் துறையில் சக்தி 1998இல் தொடங்கியது. ஐ.ரி.என். தன் தமிழ் அலைவரிசையான வசந்தத்தை 2009இல் தொடங்கியது. அதாவது பன்னிப்பிட்டியில் முதல் படம் ஒளிர்ந்து முப்பது ஆண்டுகளின் பின்னர். இதற்கிடையே செய்மதி வழியாகச் சென்னைத் தொடர்கள் லயங்களுக்குள் வந்துவிட்டன. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணுக்குச் சென்னைத் தெருக்களின் பெயர் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக் காமன் கூத்தை அவள் எந்தத் திரையில் பார்த்திருப்பாள்?