அணியம் ஏன் வானம் பார்க்கிறது?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை பாறையும் வயலும்தான். மோட்டார் படகுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்தப் பகுதிக் குன்றுகளில் பிறக்கும் செஞ்சியாறு, சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் பெயர் பெற்று, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் பக்கமாகப் புதுச்சேரிக்குள் நுழைகிறது. கடலை நெருங்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு. இன்னொன்று சுண்ணாம்பாறு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு இருக்கிறது. அதே கிளையின் முகத்துவாரத்தில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம், சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகுக் குழாம். மேலே மழை பெய்தால் மட்டுமே நிறைந்து ஓடும் ஆறு, முடிகிற இடத்தில் நாள்தோறும் மோட்டார் சத்தம் கேட்கும் நீர்வழியாகிவிடுகிறது.

அந்தக் கரையில் நின்று, அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ஒரு சிறிய ஃபைபர் படகு வேகமெடுப்பதைக் கவனியுங்கள். அணியம், அதாவது முன்பக்கம், மேலே தூக்கிக்கொள்ளும். அமரம் என்கிற பின்பக்கம் தண்ணீரில் அமுங்கும். ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. மோட்டார் முழு மூச்சில் உறுமும், வேகமோ அதற்கேற்ப ஏறாது. பின்னால் ஒரு பெரிய அலை கரையை நோக்கி ஓடிவரும். எரிபொருள் மிக வீணாவது இந்த நிலையில்தான்.

காரணம் படகு தானே உண்டாக்கும் அலை. நீரைக் கிழித்துப் போகும் எந்தப் படகும் தன் முன்னால் ஒரு மேட்டையும் அதற்குப் பின்னால் ஒரு பள்ளத்தையும் எழுப்புகிறது. வேகம் இரட்டித்தால் இந்த அலையின் நீளம் நான்கு மடங்காகும். 5 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் போகும்போது அலையின் நீளமும் ஏறக்குறைய 5 மீட்டர். அணியம் ஒரு மேட்டிலும் அமரம் அடுத்த மேட்டிலும் நிற்கின்றன. வேகத்தை 20-க்கு உயர்த்தினால் அலை 20 மீட்டராக நீள்கிறது. இரண்டாவது மேடு எங்கோ பின்னால் போய்விட, அமரம் பள்ளத்தில் இறங்குகிறது. படகு தன் அலையின் சரிவில் தானே ஏற முயல்கிறது. மோட்டாரும் எரிபொருள் கலனும் ஓட்டுபவரும் பின்பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

படகின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட். 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ நகரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறிய கப்பல் மாதிரிகளை இழுத்து அளந்தார். அவர் பெயரிலுள்ள எண்ணைக் கொண்டுதான் இன்றும் படகு வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

போதிய விசை இருந்தால் படகு அந்த மேட்டைத் தாண்டிவிடும். ஏரியில் வீசிய ஓட்டாஞ்சில்லு நீர்ப்பரப்பைத் தட்டித் தட்டிப் போவதுபோல, படகின் அடிப்பகுதி நீரைக் கீழே தள்ளி அதன் மேல் வழுக்கத் தொடங்குகிறது. அப்போது அடிப்பகுதி நீர்மட்டத்தோடு 3 முதல் 5 பாகை சாய்ந்திருந்தால் பெரும்பாலான படகுகளுக்கு இழுவை குறைவு. சாய்வு அதைவிட மிகுந்தால் எரிபொருள் போகும், பார்வை மறையும். ஒரேயடியாகக் குறைந்தால் அணியம் நீரில் மூக்கை நுழைக்கும்.

சாய்வைச் சரிசெய்யக் கடைகளில் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று ஹைட்ரோஃபாயில். புரொப்பல்லருக்குச் சற்று மேலே, மோட்டாரின் காலில் ஒரு கிடைத்தட்டு இருக்கும். மேற்பரப்புக் காற்று புரொப்பல்லருக்குள் இழுக்கப்படாமல் அது தடுக்கிறது. அந்தத் தட்டின் இரு பக்கமும் போல்ட் போட்டு மாட்டும் சிறகுகள்தாம் இவை. புரொப்பல்லர் தள்ளும் நீரும் படகின் அடியிலிருந்து வரும் நீரும் சிறகில் பட்டு அதை மேலே உந்துகின்றன. சிறகு படகின் பின்சுவருக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் நீளம் கூடுகிறது. சிறிய விசையே அமரத்தைத் தூக்கி அணியத்தை இறக்கப் போதும்.

பெயர் ஒன்றே தவிர, படகு முழுவதையும் நீருக்கு மேலே தூக்கும் ஹைட்ரோஃபாயில் வேறு. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906-இல் மஜ்ஜோரே ஏரியில் அப்படி ஒன்றை ஓட்டினார். தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், கேசி பால்ட்வினோடு சேர்ந்து உருவாக்கிய எச்.டி.-4 படகு 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவில் மணிக்குச் சுமார் 114 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலகச் சாதனை படைத்தது. நம் மோட்டாரில் மாட்டும் சிறகிடம் அந்த மாயத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று டிரிம் டேப். படகின் பின்சுவரின் அடிவிளிம்பில் இடதும் வலதுமாகக் கீல் வைத்துப் பொருத்திய இரண்டு உலோகத் தகடுகள். ஹைட்ராலிக் தண்டோ மின்மோட்டாரோ அவற்றைக் கீழே இறக்கினால், அடியில் ஓடும் நீர் திசை திரும்பி அமரத்தை உயர்த்துகிறது. இரண்டையும் தனித்தனியே இயக்கலாம் என்பது இதன் பெரிய பலம். பாரம் ஒரு பக்கம் கூடிப் படகு சரிந்தால், சரிந்த பக்கத் தகட்டை மட்டும் இறக்கி நிமிர்த்தலாம்.

எது நல்லது? விலை குறைவு, ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்பதால் சிறகைத்தான் பலரும் நாடுவார்கள். ஏரியிலும் அமைதியான காயலிலும் சிறிய மோட்டாருக்கு அது உதவும். மெதுவான வேகத்திலேயே படகு வழுக்கத் தொடங்கும். ஆனால் வேகம் கூடக்கூடச் சிறகின் உந்துவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது, இழுவையும் சேர்ந்து வளர்கிறது. தட்டில் துளையிட்ட இடம் பலவீனமாகலாம். வலையும் கயிறும் சிறகில் மாட்டும். மணல் திட்டில் முதலில் இடிபடுவதும் அதுவே.

இவை எல்லாவற்றையும்விட முகத்துவாரம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கடலிலிருந்து திரும்பும் படகுக்கு அலை பின்னாலிருந்து வருகிறது. அமரத்தை அலை தூக்கும் அந்த நேரத்தில் சிறகும் சேர்ந்து தூக்கினால், அணியம் முன்னால் உள்ள பள்ளத்தில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். டிரிம் டேப் உள்ளவர் முகத்துவாரத்துக்கு முன்பே தகடுகளை முழுவதும் மேலே ஏற்றிவிடலாம். நிலையாகப் பொருத்திய சிறகை ஓடும் படகில் கழற்ற முடியாது. மோட்டாரின் சாய்வைப் பொத்தானை அழுத்தி மாற்றும் வசதியும் சிறிய மோட்டார்கள் பலவற்றில் இல்லை. ஆகவே கடலுக்குள் போய்வரும் படகுக்கு டிரிம் டேப்பே மேல் என்பது என் முடிவு.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத வேலைகள் இருக்கின்றன. எரிபொருள் கலனையும் ஐஸ் பெட்டியையும் நடுப்பக்கம் நகர்த்துங்கள். மோட்டாரின் கிடைத்தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றே மேலாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சாய்வுத் துளைகளில் செருகியிருக்கும் பின்னை ஒரு துளை உள்ளே மாற்றிப் பாருங்கள். பல படகுகளில் அணியம் இதிலேயே இறங்கிவிடும்.

படகு அரைகுறையாக வழுக்கும் வேகத்தில்தான் எழும் அலையும் மிகப் பெரிது. தேங்காய்த்திட்டை ஒட்டிய அலையாத்திகளின் வேரடி மண்ணை அரிப்பது அந்த அலை. ஆற்றுக்குள் அணியம் தூக்காத அளவு மெதுவாகப் போக வேண்டும். வேகம் வேண்டுமென்றால் கடலில் போய் எடுக்க வேண்டும். இடைப்பட்ட வேகம் எரிபொருளுக்கும் கேடு, கரைக்கும் கேடு.

சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் ஃபுரூட் கட்டியது போன்ற இழுவைத் தொட்டி இருக்கிறது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கடைகளில் விற்கும் சிறகுகளும் தகடுகளும் பெரும்பாலும் அயல்நாட்டு உல்லாசப் படகுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் கரையில் ஓடும் ஃபைபர் படகின் அடிவடிவம் வேறு, சுமை வேறு. அந்தப் படகில் இவற்றைப் பொருத்தி, எந்தச் சுமையில் எவ்வளவு எரிபொருள் மிஞ்சுகிறது, பின்னலையில் படகு எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து, ஒரே பக்க அட்டவணையாகத் தமிழில் அச்சிட்டுத் துறைமுகங்களில் ஒட்ட வேண்டும். இந்த நிறுவனங்களும் தமிழக, புதுச்சேரி மீன்வளத் துறைகளும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.