திருவெம்பாவை உரையாடலும் மக்களாட்சிப் பண்பும்

மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாக மரபு கூறும் திருவெம்பாவை 20 பாடல்களை உடையது. கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயில் உண்டு. இப்பனுவலை வளரிளம் பருவ மாணவர்க்கு உரையாடற் பனுவலாகவும் கற்பிக்கலாம்.

நான்காம் பாடலில், அனைவரும் வந்தனரா என உள்ளிருப்பவள் வினவுகிறாள். எண்ணிச் சொல்வதாகக் கூறும் தோழியர், பின்னர் அவளையே வந்து எண்ணுமாறும், குறைந்தால் உறங்குமாறும் உரைக்கின்றனர். ஒருவரும் விடுபடலாகாது என்னும் அக்கறை, பிறர் கூற்றைத் தானே சரிபார்க்கும் உரிமை, மறுப்பதற்கான இடம் ஆகிய மூன்றும் இங்குப் புலனாகின்றன. கூற்று யாருடையது எனப் பாடல் சுட்டாமையால், அதனை வாதிட்டுப் பிரித்தறிவதே வகுப்பறைப் பயிற்சியாகிறது.

எனினும், இஃது ஒரே நம்பிக்கையுடையோரின் உரையாடல். வகுப்பறையோ பல நம்பிக்கையினர் கூடுமிடம். ஆகவே, பக்தியை எதிர்பாராது வாதத்தை மட்டும் மதிப்பிடுதலே அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு காக்கும் மனச்சான்று உரிமைக்கு இயைவதாகும்.