அலையாத்தி: வெட்டவா, விடவா?

மழைக்காலத்தில் கோபர்கைரனேவாசிகள் மேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடல் ஏறும் நேரத்தையும் பார்க்க வேண்டும். தானே கடற்கழியை ஒட்டிய நவி மும்பையின் பல பகுதிகள் உயர் ஓதத்தின் மட்டத்தைவிடத் தாழ்வானவை. அதனால்தான் நகரை நிர்மாணித்த சிட்கோ நிறுவனம், டச்சுக்காரர்கள் பாணியில் மழைநீர்த் தேக்கக் குளங்களை வெட்டியது. கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும். மழைநீர் குளத்தில் காத்திருக்கும். கடல் இறங்கியதும் வெளியேறும்.

ஏற்பாடு என்னவோ பிரமாதம்தான். ஆனால் குளங்களில் வண்டல் சேர்ந்து, அதன்மேல் அலையாத்தி மரங்கள் காடாகிவிட்டன. தூர்வார வேண்டுமானால் மரங்களை வெட்ட வேண்டும். வெட்ட உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் வரவேற்ற தடை, இன்று வெள்ளத்துக்குப் பயப்படுகிறவர்களின் குறுக்கே நிற்கிறது.

மும்பைக்கு அலையாத்தி ஒரு காலத்தில் வெறும் சேற்றுப் புதர். பாந்த்ரா-குர்லா வளாகமே மித்தி ஆற்றோரச் சதுப்பை மேடாக்கி எழுந்ததுதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி மித்தி கரைபுரண்டபோதுதான் நகருக்கு உறைத்தது. (சுனாமியின்போது பிச்சாவரத்துக் காடு அலையின் வேகத்தைத் தணித்த செய்தி ஏழு மாதம் முன்புதான் வந்திருந்தது.) பம்பாய் சுற்றுச்சூழல் செயல்குழு 2004-லேயே வழக்குத் தொடர்ந்திருந்தது. 2005 அக்டோபரில் அலையாத்திகளை அழிக்க மாநிலம் முழுவதும் நீதிமன்றம் தடை விதித்தது. 2012-ல் வனத்துறையில் தனிப் பிரிவு வந்தது. அலையாத்தியை அழிப்பது வாழ்வுரிமையை மீறுவது என்றது 2018-ன் தீர்ப்பு.

மனம் மாறிய அளவுக்குக் கை மாறவில்லை. கடற்கழியோரம் கட்டட இடிபாடு கொட்டுவது ஓயவில்லை. அது வானத்திலிருந்து விழுவதல்ல. யார் யாரோ புதுப்பித்த குளியலறைகளின் உடைந்த டைல்ஸ்.

மக்கள் விடாப்பிடியாக நின்றால் அரசு அசையும் என்பதும் பொய்யல்ல. நேருலில் கடல்நீர் வரத்து அடைபட்டு டி.பி.எஸ். ஏரி வறண்டது. 2024-ல் பூநாரைகள் செத்து விழுந்தன. குடியிருப்போர் பதாகைகளுடன் திரண்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த 30 ஏக்கரைப் பாதுகாப்பகமாக்க மாநில வனவுயிர் வாரியம் ஒப்புக்கொண்டது.

இளஞ்சிவப்புப் பறவைக்கு ஆதரவு திரட்டுவது சுலபம். தேக்கக் குளத்தின் விவகாரம் வேறு: அங்கே மரமும் வேண்டும், தண்ணீர் நிற்க இடமும் வேண்டும். கடல்மட்டமோ உயர்ந்துவருகிறது, அது உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும்.