ஷேர் ஆட்டோவில் இரண்டு மியூசியம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை நானும் என் தோழியும் மெட்ராஸ் போய் ரெண்டு மியூசியம் பார்த்துட்டு வந்தோம். கூட பெரியவங்க யாரும் வரலை. எப்படிப் போனீங்க, என்ன பார்த்தீங்க என்று நிறைய பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

இது சும்மா ஊர் சுத்தல் இல்லை. என் தோழிக்கு பிளஸ் டூ முடிச்சு பொன்னேரி காலேஜில் சேர ஆசை. "தினமும் ஷேர் ஆட்டோவுல கண்டவங்களோட இடிச்சுக்கிட்டுப் போகணுமா? வேண்டாம்" என்று அவங்க அப்பா ஒரே பிடியாக இருந்தார். "ஒருநாள் மெட்ராஸே போயிட்டு, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து காட்டுறோம் மாமா" என்று நான்தான் வாயை விட்டேன்.

தோணிரேவில் இருந்து பழவேற்காடு பஜார் வரை நடை. அங்கிருந்து பொன்னேரிக்கு ஷேர் ஆட்டோ. இதில் ஒரு இடம்தான் நம்முடையது, வண்டி முழுசும் இல்லை. ஒருத்தர் போனாலும் எட்டு பேர் போனாலும் டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அதை எட்டாப் பங்கு போட்டால்தான் கட்டணம் குறையும். அதனால்தான் ஆள் நிரம்பாமல் டிரைவர் கிளப்ப மாட்டார். காலையில் நண்டுக் கூடைக்காரங்க இருப்பதால் வண்டி சீக்கிரம் கிளம்பும். (துணி நாறும், பரவாயில்லை. நமக்கென்ன புதுசா!) ஏறும் முன்னாடியே தலைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கணும்.

பொன்னேரியில் இருந்து சென்ட்ரலுக்கு ரயில். சென்ட்ரலில் மறுபடி ஷேர் ஆட்டோ பிடிச்சு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனோம். இது 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துடாதீங்க. அந்தக் காலத்தில் இதே வளாகத்தில் உயிருள்ள புலிகூட வளர்த்தாங்களாம்!

திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றோம். ஆனால் எனக்குப் பிடித்தது வெண்கலக் கூடம்தான். அங்கே இருக்கிற திருவாலங்காட்டு நடராஜர் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்காரர். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையின் போட்டோக்களை மட்டும் பார்த்துவிட்டே ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் வெளிவந்தது.

இந்தச் சிலைகளை எப்படிச் செய்வாங்க தெரியுமா? முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வாங்க. அதுமேல் களிமண் பூசிக் காயவைப்பாங்க. பிறகு சூடு பண்ணினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக வெளியே வந்துடும். உள்ளே உருவம் இருந்த இடம் காலியாக நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைப்பாங்க. மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதனால் ஒரு சிலை மாதிரி அச்சு அசலாக இன்னொன்று வராது. "அப்போ மெழுகுல தப்பு பண்ணினா சாமியும் தப்பாத்தான் வரும்" என்றாள் தோழி.

அமராவதிச் சிற்பங்களையும் பார்த்தோம். 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை. ஒரு பகுதி இங்கே இருக்கு, ஒரு பகுதி லண்டனில் இருக்கு.

மத்தியானம் எலெக்ட்ரிக் ரயிலில் கோட்டை ஸ்டேஷன் இறங்கி, புனித ஜார்ஜ் கோட்டை மியூசியம் போனோம். வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுவாங்க. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றின தேசியக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்காங்க. அதைப் பார்த்தப்போ எனக்குப் பேச்சே வரலை. இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் கட்ட ஆரம்பிச்சது 1640இல். நம்ம பழவேற்காட்டில் டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டை கட்டியது 1613இல். அதாவது நாமதான் 27 வருஷம் மூத்தவங்க! 1690இல் டச்சுக்காரங்க தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்திட்டாங்க. "இங்க பீரங்கி, கண்ணாடிப் பெட்டி. நம்ம கோட்டையில முள்ளுச்செடிதான்டீ" என்றாள். என்கிட்ட பதில் இல்லை.

திரும்பி வரும்போதுதான் வயிறு கலங்கியது. பொன்னேரியில் ஆறு பேர்தான் சேர்ந்தோம், ரெண்டு இடம் காலி. டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போயிட்டார். வெயில் இறங்கிக்கிட்டே இருக்கு. எனக்கு அழுகை வந்துடுச்சு. தோழிதான் கணக்குப் போட்டாள். ரெண்டு காலி இடத்துக் காசை ஆறு பேரும் பிரிச்சுக்கிட்டா, ஆளுக்கு மூணில் ஒரு பங்கு கட்டணம்தான் கூடுதல். ஒவ்வொருத்தரிடமும் அவளே போய்க் கேட்டாள். ஒரு தாத்தா மட்டும் முணுமுணுத்தார், கடைசியில் அவரும் கொடுத்தார். வண்டி கிளம்பிடுச்சு.

அவள் வீட்டுக்குப் போனபோது விளக்கு வச்சிருந்தாங்க. பத்து நிமிஷம் லேட். மாமா திண்ணையில் வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தார். காலி இடக் கணக்கை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "காலேஜு எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டார்.