வாலைப் பார்த்து வௌவாலை அறிவோம்

வௌவால் என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமி மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் அக்கிருமி தொற்றியது. ஆனால், உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

சரவாக்கின் மூலு தேசியப் பூங்காவிலுள்ள மான் குகைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மழையில்லாத மாலை வேளையில் இலட்சக்கணக்கான வௌவால்கள் கரும்புகை போல வளைந்து வளைந்து வெளியேறும். அவற்றுள் பெரும்பாலானவை 'சுருக்க உதட்டு வௌவால்' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இது தனிவால் வௌவால் குடும்பத்தைச் சார்ந்ததாகும்.

இதனை எப்படி அடையாளம் காண்பது? முதல் அடையாளம் வால். பூச்சி தின்னும் வௌவால்கள் பலவற்றில், இரு கால்களுக்கும் இடையே விரியும் சவ்வுக்குள் வால் அடங்கிவிடும். நம் வீட்டுக் கூரைகளில் ஒண்டும் மஞ்சள் வௌவாலும் அத்தகையதே. தனிவால் வௌவாலுக்கோ, சவ்வைத் தாண்டி, எலியின் வாலைப் போலத் தடித்த வால் வெளியே நீண்டிருக்கும்.

இரண்டாவது, உதடு. மேலுதட்டில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கங்கள் இருக்கும். மூன்றாவது, காது. இரு காதுகளும் நெற்றியின் மேல் ஒரு சிறு தோல் பட்டையால் இணைந்திருக்கும். நான்காவது, இறக்கை. அது நீண்டு குறுகியிருப்பதால் திறந்த வெளியில் மிக விரைவாகப் பறக்கும். உடலில் குட்டையான, அடர்ந்த பழுப்பு நிற உரோமம் காணப்படும். முன்கையின் நீளம் 4 முதல் 5 செண்டிமீட்டர்தான்.

இதன் உறவினர் ஒருவரும் நம் நாட்டில் உண்டு. அதுதான் உரோமமற்ற வௌவால். உடல் ஏறக்குறைய மொட்டையாக இருக்கும்; எடை 150 கிராமைத் தாண்டும். இறக்கைகளை மடித்துச் செருகிக்கொள்ள உடலின் இரு பக்கமும் பை போன்ற தோல் மடிப்புகள் உள்ளன. காதுகள் இணைந்திருப்பதில்லை. வாலோ அதே தனிவால்தான்.

இனி, பழந்தின்னியைப் பாருங்கள். நாய் முகம், பெரிய கண்கள், ஒன்றரை மீட்டர் வரை விரியும் இறக்கை. வாலே கிடையாது. பகலில் மரக்கிளைகளில் தொங்கும். ஆகவே, வாலைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்தறிந்துவிடலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பயத்தினால் குகைகளில் புகை மூட்டி வௌவால்களை அழித்தால் நட்டம் நமக்கே. சுருக்க உதட்டு வௌவால் இரவு முழுவதும் பூச்சிகளைத் தின்கிறது. நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சியும் அதன் உணவே. இதனால் தாய்லாந்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 டன் அரிசி காப்பாற்றப்படுவதாக 2014இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பழந்தின்னியும் வேண்டாத பிராணியல்ல; டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடைபெற அது உதவுகிறது.

வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்றும் உள்ளது. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. மாறாக, வேட்டையாடி அறுப்பவரே கிருமிக்கு வாசலைத் திறந்து விடுகிறார்.

எந்த வௌவாலானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, உடனே மருத்துவரை நாடுங்கள். கூரையில் குடியேறியிருந்தால் அடித்துக் கொல்லாமல் வனவிலங்குத் துறையிடம் தெரிவியுங்கள்.

தள்ளி நின்று பார்ப்போம், அறிந்துகொள்வோம், வாழவிடுவோம்.