வாய் திறக்காத பிரெஞ்சு

பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண் இருந்த காலத்தில் பிரெஞ்சு என்றால் மார்க்தான். சென்னை, கோவைப் பெரிய பள்ளிகளில் தமிழுக்குப் பதில் அதை எடுத்து 200-க்குப் பக்கத்தில் வாங்குவார்கள். பரமக்குடிப் பிள்ளைகள் ரிசல்ட் அன்று பேப்பரில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், அந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதிக்கு வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலும் எழுத்துத் தேர்வுதான்.

வாய் திறந்தவர்கள் வேறு ஆட்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் உணவகச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிரெஞ்சு கற்றார்கள். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டால் அதிகாரி எதிரே உட்கார்ந்து பேசினால் போதும். 2012-இல் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் பி1 அளவுப் பேச்சுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் அது பி2. அதற்கான டெல்ஃப் தேர்வில் அரை மணி நேரம் தயாரித்து, இருபது நிமிடம் வாதாட வேண்டும்.

இங்கே இப்போதைய கதை கனடா. பிரெஞ்சு தெரிந்தவர்களை அந்த நாடு 2023-இலிருந்து குடியேற்றத்துக்குத் தனியாகப் பொறுக்கி எடுக்கிறது. பரமக்குடியில் இருந்துகொண்டே ராத்திரி செல்போனில் பிரெஞ்சு வகுப்பு கேட்கலாம் என்றாகிவிட்டது. நெசவுத்தெருப் பிள்ளைக்கு வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ்; நான்காவது மொழி பெரிய மலையில்லை. மூக்கொலிக்கும் பயப்பட வேண்டாம். ‘அவன்’, ‘மரம்’ என்று எழுதுகிறோமே தவிர, பேசும்போது கடைசி மெய்யை மூக்கிலேதான் விடுகிறோம். படுத்துவது வேறொன்று: உதட்டை ‘உ’வுக்குக் குவித்து, நாக்கை ‘இ’க்கு வைத்துச் சொல்லும் உயிரொலி. கண்ணாடி முன் நின்றுதான் பழக வேண்டும்.

கனடா ஏற்கும் பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்றான டெஃப் கனடாவில் பேச்சுத் தேர்வு பதினைந்து நிமிடம். முதல் ஐந்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளுக்குப் போன் போட்டதாக நினைத்துப் பத்துக் கேள்வியாவது கேட்க வேண்டும், அங்கே ‘நீங்க’. அடுத்த பத்தில் நண்பனை ஒரு காரியத்துக்கு இணங்க வைக்க வேண்டும், அங்கே ‘நீ’. பதற்றத்தில் நண்பனுக்கும் ‘நீங்க’ போட்டுவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் சும்மா தலையாட்டுவதும் இல்லை. “காசு இல்லையே, நேரம் இல்லையே” என்று மறுத்துக்கொண்டே இருப்பார். மனப்பாடம் அங்கே உதிர்ந்துவிடும். பரீட்சை என்றாலே உருப்போடுவது என்று வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம், இலக்கணம் அல்ல. என்னைக் கேட்டால், நூறு மாதிரி விடைகளைவிட மறுத்துப் பேசும் ஒரு கூட்டாளி மேல்.

பாடம் கைக்குள் வந்துவிட்டாலும் பரீட்சை ஊருக்கு வரவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து வரும் ராத்திரி ரயிலைப் பிடித்துச் சென்னை போய், 1953-இல் தொடங்கி இப்போது நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலையான்ஸ் பிரான்சேஸ் போன்ற மையத்தில்தான் எழுத வேண்டும். வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே வருடம். அதற்குள் கனடா கூப்பிடாவிட்டால் மறுபடி பணம் கட்டி, மறுபடி பேச வேண்டும்.